ஹார்டனருக்கு எந்தச் சுங்க எண்? கோவைத் தரகர் அலுவலகம் ஒன்றின் வகைப்படுத்தல் சேவை: ஒரு மதிப்பீடு

எபாக்சி, பாலியஸ்டர் போன்ற பிசின்களை இறுக வைக்கும் ஹார்டனர்களை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்களுக்கு, அந்தச் சரக்கு சுங்க அட்டவணையில் எந்த எண்ணின் கீழ் வரும், அதற்கு எவ்வளவு வரி ஆகும் என்பதைச் சரக்கு கப்பலேறும் முன்பே ஆராய்ந்து எழுத்தில் தரும் சேவை ஒன்றைக் கோயம்புத்தூரில் உள்ள ஒரு சுங்கத் தரகர் அலுவலகம் நடத்தி வருகிறது. தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு எபாக்சித் தரை போட்டுக் கொடுப்பதும், எப்.ஆர்.பி. (கண்ணாடியிழை சேர்த்து வலுவூட்டிய பிளாஸ்டிக்) தண்ணீர்த் தொட்டிகள் வார்ப்பதும் குன்னூரில் உள்ள எங்கள் பட்டறையின் தொழில் என்பதால், இந்தச் சேவையை நாங்கள் தொடர்ந்து பயன்படுத்துகிறோம். வகைப்படுத்தலைப் பொறுத்தவரை கொடுக்கும் கட்டணத்துக்குத் தகுந்த வேலை. சரக்கு எந்த நாட்டில் உருவானதாகக் கொள்ளப்படும் என்பதை முடிவு செய்யும் பிறப்பிட விதிகளைப் பொறுத்தவரை அரைகுறை. குறைகளையும் எழுதப் போவதால் அலுவலகத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இத்தகைய சேவையில் எதை எதிர்பார்க்கலாம், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதே படிப்பவர்களுக்குத் தேவைப்படும்.

மலையில் தொழில் செய்பவர்கள் எதற்காக ஹார்டனரை இறக்குமதி செய்ய வேண்டும் என்ற கேள்வி சமவெளி வாசகர்களுக்கு எழக்கூடும். எபாக்சிப் பிசின் ஹார்டனரோடு கலந்து இறுகுவது ஒரு வேதிவினை. வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் சாதாரண ஹார்டனர்களில் அந்த வினை மிகவும் மந்தமாகிவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மூடுபனியும் ஈரமும் சேர்ந்துகொள்ளும்போது, ஹார்டனரிலுள்ள அமீன் என்ற வேதிப்பொருள் காற்றின் கரியமில வாயுவோடும் ஈரத்தோடும் கூடி, போட்ட தரையின் மேல் பிசுபிசுப்பான வெண்படலமாகப் படிந்துவிடுகிறது. அந்தப் படலத்தைக் கழுவித் தேய்த்து எடுக்காமல் அடுத்த பூச்சைப் போட்டால் அது ஒட்டாது. இலையை நொதிக்க வைக்கும் ஈரமான பகுதியில் சில மாதங்களிலேயே தகடு தகடாகப் பெயர்ந்து வரும். இதனால்தான் குளிரிலும் இறுகக்கூடிய சைக்ளோஅலிபாட்டிக் அமீன் வகைகளும், முந்திரிக்கொட்டையின் ஓட்டு எண்ணெயிலிருந்து செய்யப்படும் பினால்கமீன் வகைகளும் எங்களுக்குத் தேவைப்படுகின்றன. உள்நாட்டில் கிடைப்பதைக் கொண்டு சமாளிக்கும் வேலைகளும் உண்டு. ஆனால் டிசம்பரில் ஒரு பாட் லீஃப் பேக்டரி (விவசாயிகளிடம் பச்சைத் தேயிலையை விலைக்கு வாங்கிப் பதப்படுத்தும் தொழிற்சாலை) வேலையை இரண்டு நாள் நிறுத்திவிட்டுத் தரையைத் திருப்பித் தரச் சொல்லும்போது ஹார்டனரில் சமரசம் செய்ய இடமில்லை.

இனி சேவைக்கு வருகிறேன். முன்பு நாங்கள் அணுகிய ஒரு தரகர், விலைப்பட்டியலில் 'ஹார்டனர்' என்றிருப்பதைப் பார்த்த உடனேயே ஓர் எண்ணைத் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார். இந்த அலுவலகம் அப்படிச் செய்வதில்லை. அவர்கள் முதலில் அனுப்பும் படிவம், சரக்கின் வணிகப் பெயரைக் கடைசியில்தான் கேட்கிறது. பாதுகாப்புத் தரவுத் தாளின் மூன்றாம் பகுதி, அதிலுள்ள ஒவ்வொரு சேர்மத்துக்கும் உலக அளவில் வழங்கப்படும் அடையாள எண்ணான சி.ஏ.எஸ். எண், சதவீதம், எந்தக் கரைப்பான் எதற்காகச் சேர்க்கப்பட்டது, பிசினோடு சேர்த்து ஒரே பொதியாக வருகிறதா, தனி டிரம்மாக வருகிறதா ஆகியவைதான் முன்வரிசைக் கேள்விகள். வகைப்படுத்தலைக் கவனிக்கும் அம்மையார் நாங்கள் கொடுத்த தாளை விரித்து வைத்து, "5 முதல் 40 சதவீதம் வரை" என்று போட்டிருந்த ஒரு வரியைப் பென்சிலால் சுழித்துவிட்டு, "சார், இதில் பென்சைல் ஆல்கஹால் சரியாக எவ்வளவு என்று சப்ளையரிடம் கடிதமாக வாங்கிக் கொடுங்கள். இவ்வளவு அகலமான அளவை வைத்துக்கொண்டு நான் எண் எழுத மாட்டேன்" என்றார். அந்த ஒரு வரிக்காகக் காத்திருந்ததில் சில நாட்கள் போயின. அந்தக் காத்திருப்பு நியாயமானது என்பதே என் கருத்து.

காரணம் இதுதான். சுங்க அட்டவணையின் நான்கிலக்கத் தலைப்புகள் எதிலும் ஹார்டனர் என்ற பொருள் கிடையாது. ஒரு பொருள் என்ன வேலை செய்கிறது என்பதைவிட அது என்னவாக இருக்கிறது என்பதே இங்கே பெரும்பாலும் முடிவு செய்கிறது. எங்கள் பட்டறையின் அலமாரியிலேயே இதற்கு உதாரணங்கள் உண்டு. ஐசோபோரோன் டைஅமீன் தனியாக வந்தால் அது வேதியியல் முறையில் வரையறுக்கப்பட்ட ஒற்றைச் சேர்மம். கரிம வேதிப்பொருட்களுக்கான 29-ஆம் அத்தியாயத்தில் 2921 30 என்ற துணைத்தலைப்பில் அமரும். அதில் இரண்டு மாற்றியங்கள் (அணுக்கள் ஒன்றே, அமைப்பு மட்டும் வேறான வடிவங்கள்) கலந்தே இருக்கும் என்றாலும், ஒரே சேர்மத்தின் மாற்றியங்கள் கலந்திருப்பதை அந்த அத்தியாயத்தின் முதல் குறிப்பே அனுமதிக்கிறது. உற்பத்தியில் தானாக வந்து தங்கும் மாசும் பாதகமில்லை. ஆனால் அதே டைஅமீனோடு பென்சைல் ஆல்கஹாலும், சிறிதளவு பிசினோடு முன்கூட்டியே வினைபுரிய வைத்த அமீன் பகுதியும் சேர்ந்து, தரை வேலைக்கென்று தயாரித்த திரவமாக வந்தால், அது 29-ஆம் அத்தியாயத்தை விட்டு வெளியேறி, வேறு இடத்தில் குறிப்பிடப்படாத வேதித் தயாரிப்புகளுக்கான 3824-க்குப் போகும். கரைப்பான் சேர்ந்திருந்தால் பரவாயில்லை என்று அந்த முதல் குறிப்பே ஓரிடத்தில் சொல்கிறதே என்று கேட்கலாம். பாதுகாப்புக்காகவோ போக்குவரத்துக்காகவோ வழக்கமாகவும் அவசியமாகவும் சேர்த்த கரைப்பானுக்கு மட்டுமே அந்தச் சலுகை. அதுவும் பொருளை ஒரு குறிப்பிட்ட பயனுக்கே விசேஷமாகப் பொருத்திவிடாமல் இருக்க வேண்டும். பென்சைல் ஆல்கஹாலைச் சேர்ப்பதோ குளிரில் வினையை விரைவுபடுத்தவும் மேற்பரப்பைச் சீராக்கவும்தான். அம்மையார் பென்சிலால் சுழித்த வரி இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது.

கொழுப்பு அமிலங்களிலிருந்து செய்யப்படும் பாலிஅமைடு ஹார்டனர்கள் முதன்மை வடிவப் பாலிஅமைடுகளாகக் கருதத் தக்கவையானால் 3908-க்குச் செல்லும். அதற்கு அவை பலபடிகள்தாமா (பாலிமர்கள்தாமா) என்பதைப் பார்க்க வேண்டும். சராசரியாக எத்தனை மோனோமர் அலகுகள் என்று பிளாஸ்டிக்குகளுக்கான 39-ஆம் அத்தியாயத்தின் குறிப்பு அளவுகோல் வைத்திருக்கிறது. பினால்கமீன் சரக்குக்கு இந்த அலுவலகம் எழுதிய கருத்து, நான் படித்தவற்றில் மிகவும் கவனமானது. அது ஒற்றைச் சேர்மம் இல்லை என்பதால் 29-ஆம் அத்தியாயத்தை ஒதுக்கி, பீனாலிக் பிசினாகக் கொள்ளலாமா, 3824-இல் விடலாமா என்ற இரு வழிகளையும் சப்ளையர் தந்த ஆய்வறிக்கையோடு ஒப்பிட்டு, எந்த விவரம் மாறினால் முடிவும் மாறும் என்பதையும் எழுதியிருந்தார்கள். அன்ஹைட்ரைடு வகைகள் 2917-இல் வரும். மின்சாதன வார்ப்புக்காரர்களுக்கே அவை தேவைப்படும் என்பதால் இங்கே விரிக்கவில்லை.

எப்.ஆர்.பி. தொழிலில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது பாலியஸ்டர் பிசினை இறுக வைக்க எம்.இ.கே.பி. என்று நாம் சொல்லும் கீட்டோன் பெராக்சைடு பற்றியது. கீட்டோன் பெராக்சைடுகள் அட்டவணையில் 2909 60-இல் பெயரிட்டே சொல்லப்பட்டுள்ளன. ஆனால் சந்தையில் அது சுத்தமாக வருவதில்லை. வெடிக்கும் அபாயத்தைத் தணிப்பதற்காகக் கரைசலாகவே விற்கப்படுகிறது. அப்படிக் கரைசலாக வருவதை, வினை தொடக்கிகளுக்கான 3815-இல் சேர்க்க வேண்டும் என்ற வாதத்துக்கும் இடமுண்டு. பாதுகாப்புக்கான கரைப்பானா, பயனுக்கான தயாரிப்பா என்ற அதே கேள்விதான் இங்கும் திரும்ப வருகிறது. அதோடு சேர்த்துப் பயன்படுத்தும் கோபால்ட் கரைசலின் கதை வேறு. பெயின்ட் உலர்த்தியாகத் தயாரிக்கப்பட்டிருந்தால் 3211, பாலியஸ்டருக்கான வினை முடுக்கியாகத் தயாரிக்கப்பட்டிருந்தால் 3815 என்று, இந்த இரு தலைப்புகளும் பயனை வைத்தே எழுதப்பட்டவை. ஆக, பயன் ஒருபோதும் கணக்கில் வராது என்று யாராவது பொதுவாகச் சொன்னால் நம்ப வேண்டாம். தலைப்பின் வாசகமே பயனைக் கேட்டால் பயன் கணக்கில் வரும். ரப்பர்த் தொழிலிலும் இதே பிரிவினை உண்டு: மெர்காப்டோபென்சோதயசோல் தனிச் சேர்மமாக வந்தால் 2934 20, கலந்து தயாரித்த முடுக்கியாக வந்தால் 3812.

பிசினும் ஹார்டனரும் ஒரே பெட்டியில், கலக்க வேண்டிய விகிதத்திலேயே இரண்டு டின்களாக வரும் பொதிகளுக்குத் தனி விதி இருக்கிறது. மறுபொதியிடாமல் ஒன்றாகப் பயன்படுத்தவே உரியவை என்று தெளிவாகத் தெரிய வேண்டும். ஒன்றாகவே சுங்கத்தின் முன் வைக்கப்பட வேண்டும். தன்மையாலோ அளவாலோ ஒன்றுக்கொன்று துணையானவை என்று அடையாளம் தெரிய வேண்டும். இந்த மூன்றும் பொருந்தினால், இரண்டும் கலந்து உருவாகும் பொருளின் எண்ணே முழுப் பொதிக்கும் கிடைக்கும். ஒட்டும் பசையாகச் சில்லறை விற்பனைக்குப் பொதியிட்டு, நிகர எடை ஒரு கிலோவுக்கு மேற்படாமல் வந்தால் 3506 10. பெரிய டிரம்களில் தனித்தனியாக வந்தால் தனித்தனி எண்தான். பிசின் 3907 30-க்கும் ஹார்டனர் தன் இடத்துக்கும் போகும்.

இவ்வளவு நுட்பம் பார்த்தும், இந்த அத்தியாயங்களில் எங்களுக்கு வேண்டிய பெரும்பாலான சரக்குகளுக்கு அடிப்படைச் சுங்க வரி ஒரே 7.5 சதவீதம்தான். பிறகு எண் எதுவானால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கை முதலில் போட்டுவிடுகிறேன். காப்பீடும் கப்பல் கூலியும் சேர்ந்த சுங்க மதிப்பு 5,00,000 ரூபாய் என்றால், அடிப்படை வரி 37,500. அதன் மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி 3,750. இவையும் சேர்ந்த 5,41,250-இன் மேல் 18 சதவீத ஐ.ஜி.எஸ்.டி. (ஒருங்கிணைந்த சரக்கு, சேவை வரி) 97,425. மொத்தம் 1,38,675 ரூபாய், அதாவது மதிப்பில் 27.735 சதவீதம். இதில் ஐ.ஜி.எஸ்.டி. தொகையை உள்ளீட்டு வரி வரவாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சிறு தொழில்களுக்கான ஜி.எஸ்.டி. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் அந்த வழி கிடையாது. எனவே உண்மையில் கையை விட்டுப் போவது 41,250 ரூபாய். கப்பல் கூலிக்குச் சான்று இல்லாவிட்டால் சரக்கின் விலையில் 20 சதவீதமும், காப்பீட்டுக்குச் சான்று இல்லாவிட்டால் 1.125 சதவீதமும் சேர்த்து மதிப்பிடுவார்கள் என்பதால், அந்த ரசீதுகளைச் சப்ளையரிடமிருந்து தவறாமல் வாங்கிவிட வேண்டும்.

அந்த 41,250 ரூபாய் மிஞ்சுமா மிஞ்சாதா என்பது எண்ணைப் பொறுத்தது. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானோடு இந்தியா செய்து, 2010 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் தாய்லாந்திலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வரும் சரக்குக்கு அடிப்படை வரிச் சலுகை பெற வேண்டுமானால், பொது விதிப்படி அங்கே 35 சதவீத மதிப்பு கூடியிருக்க வேண்டும். அதோடு, உள்ளே சென்ற மூலப்பொருளின் ஆறிலக்க எண்ணும் வெளியே வரும் பொருளின் ஆறிலக்க எண்ணும் வேறுபட்டிருக்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து டேங்கரில் வந்த டைஅமீனை அங்கே 25 கிலோ கேன்களில் நிரப்பி அனுப்பினால் எண் மாறுவதில்லை, சலுகை கிடையாது. அதையே கலந்து தயாரிப்பாக்கினால் 2921 30 என்பது 3824 99 ஆகிறது. எண் மாறிவிட்டது, ஆனால் கலக்கும் வேலை மட்டுமே 35 சதவீத மதிப்பைக் கூட்டியிருக்குமா என்ற கேள்வி உடனே எழும். சான்றிதழில் முத்திரை இருந்தால் போதும் என்ற காலம் 2020 செப்டம்பர் 21-ஓடு முடிந்துவிட்டது. அன்று நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அந்தப் பொருள் எப்படி அந்த நாட்டில் உருவானதாகத் தகுதி பெற்றது என்ற விவரத்தை இறக்குமதியாளரே கையில் வைத்திருந்து, 5 ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும்.

இந்த இடத்தில்தான் சேவையின் பெரிய குறை. வகைப்படுத்தல் கருத்தை அவ்வளவு ஆழமாக எழுதியவர்கள், பிறப்பிட விதியைப் பற்றி நான் கேட்ட பிறகே வாய் திறந்தார்கள். கேட்டதற்குக் கிடைத்த பதிலும் ஒரு பத்தியைத் தாண்டவில்லை. எண்ணும் பிறப்பிடமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் விஷயங்கள். ஒன்றை மட்டும் எழுதிக் கொடுப்பது இறக்குமதியாளரைப் பாதிவழியில் விடுவதாகும். வெளிநாட்டுச் சரக்கு மிகக் குறைந்த விலைக்கு இங்கே கொட்டப்படுவதைத் தடுக்க விதிக்கும் பொருட்குவிப்புத் தடுப்பு வரி பற்றியும் அறிக்கையில் நிலையான ஒரு பகுதி இருக்க வேண்டும். அந்த வரி பொருளின் விவரிப்பையும் அனுப்பும் நாட்டையும் பார்த்து விதிக்கப்படுவது என்பதால், எண்ணை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு 'இல்லை' என்று முடிவு செய்ய முடியாது. அறிக்கை ஆங்கிலத்தில் மட்டுமே தரப்படுவதும் எங்களைப் போன்ற பட்டறைகளுக்குச் சிரமம். சரக்கைப் பிரித்து அடுக்கும் எங்கள் ஸ்டோர் பொறுப்பாளருக்கும், கணக்கு எழுதும் தங்கைக்கும் புரியும்படி ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் சேர்த்தால் போதும், கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பலம் என்று நான் மதிப்பது வேறொன்று. 2020 ஜூனில் சென்னையிலும் பெங்களூரிலும் தொடங்கி அதே ஆண்டு நாடு முழுவதும் பரவிய முகமற்ற மதிப்பீட்டு முறையில், சென்னையிலோ தூத்துக்குடியிலோ இறங்கும் நம் சரக்குக்காகச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் நுழைவுப் பட்டியலை வேறொரு ஊரில் இருக்கும் அதிகாரி பார்க்கிறார். நேரில் போய் விளக்க வழியில்லை. இணையத்தில் ஏற்றும் ஆவணங்கள்தாம் நமக்காகப் பேச வேண்டும். இவர்கள் தரும் அறிக்கையோ, அத்தியாயக் குறிப்பு, சேர்மப் பட்டியல், சப்ளையர் கடிதம் மூன்றையும் வரிசைப்படி இணைத்து, அதிகாரி எழுப்பக்கூடிய கேள்விக்கு முன்கூட்டியே பதிலாக அமைகிறது. மாதிரி எடுத்துச் சுங்க ஆய்வகத்துக்கு அனுப்பும் நிலை வந்தாலும், தற்காலிக மதிப்பீட்டில் பத்திரம் எழுதிக் கொடுத்து டிரம்களை விடுவித்துக்கொள்ள சுங்கச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு வழி தருகிறது என்பதையும், அதற்கான படிகளையும் எழுதியே தருகிறார்கள். அரிக்கும் தன்மையுள்ள அமீன் டிரம்களைத் துறைமுகக் கிடங்கில் நாள்கணக்கில் வைத்திருப்பதற்கு ஆகும் வாடகையைக் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

தரகர் சொன்ன எண்ணைப் போட்டேன் என்பது பின்னாளில் முழுப் பாதுகாப்பு ஆகாது. 2011 முதல் இறக்குமதியாளரே வரியைச் சுயமதிப்பீடு செய்ய வேண்டும் என்பது 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. சரியான ஆலோசனை தருவதும் விவரங்களைக் கவனத்தோடு சரிபார்ப்பதும் தரகரின் கடமை என்று 2018-ஆம் ஆண்டு உரிம ஒழுங்குமுறை சொல்கிறது. ஆனாலும் வரி குறைந்தது என்று வரும் அறிவிப்பு நம் பெயருக்குத்தான் வரும். சாதாரண நிலையில் 2 ஆண்டுகளுக்குள், வேண்டுமென்றே மறைத்ததாகக் குற்றஞ்சாட்டினால் 5 ஆண்டுகளுக்குள் அப்படி அறிவிப்பு அனுப்பலாம். இந்த வேறுபாட்டில்தான் எழுத்துமூலக் கருத்து உதவுகிறது. ஒரு சலுகைக்குத் தன் பொருள் உரியது என்று இறக்குமதியாளர் கோருவது அவருடைய நம்பிக்கையைச் சார்ந்தது, அது மட்டுமே தவறான அறிவிப்பாகிவிடாது என்று நார்தர்ன் பிளாஸ்டிக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998-இல் சொன்னது இன்றும் வகைப்படுத்தல் வழக்குகளில் எடுத்துக்காட்டப்படுகிறது. நீலகிரிக்காரர்களுக்கு அந்த வழக்கில் தனி ஆர்வம் இருக்கலாம். அது புகைப்படச் சுருள் இறக்குமதி பற்றியது. 1997-இல் அதன் முந்தைய கட்டத்தில், போட்டியாளர் என்ற முறையில் மேல்முறையீட்டாளராக வழக்கில் நின்றது நம் உதகை இந்து நகரின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்.

ஒரே சரக்கை ஆண்டு முழுவதும் பெரிய அளவில் வரவழைப்பவர்கள், தரகரின் கருத்தோடு நிற்காமல் மும்பையிலும் டெல்லியிலும் 2021 முதல் இயங்கும் சுங்க முன்தீர்ப்பு ஆணையத்தை அணுகலாம். கட்டணம் 10,000 ரூபாய். விண்ணப்பித்து மூன்று மாதத்துக்குள் தீர்ப்புத் தர வேண்டும். சட்டமோ விவரங்களோ மாறாதவரை, சட்டம் குறிக்கும் காலத்துக்கு அது விண்ணப்பதாரரையும் சுங்கத் துறையையும் கட்டுப்படுத்தும். எங்களைப் போல வகைக்கு ஒன்றிரண்டு டிரம்கள் எடுப்பவர்களுக்குத் தரகர் அலுவலகத்தின் அறிக்கையே போதுமானது. உள்ளூர் வியாபாரியிடம் ரூபாயில் விலை கொடுத்து வாங்குபவர்களுக்கு இந்தச் சேவையே தேவையில்லை. அவர்களுக்காக வரியை ஏற்கெனவே வேறொருவர் கட்டியிருப்பார்.

அணுகுவதாக இருந்தால், ஆர்டர் உறுதி செய்வதற்கு முன்பே பாதுகாப்புத் தரவுத் தாளையும், ஒவ்வொரு சேர்மத்தின் துல்லியமான சதவீதத்தைத் தயாரிப்பாளரின் கடிதத்தாளிலும் வாங்கிக்கொண்டு போங்கள். பிறப்பிட விதி, பொருட்குவிப்புத் தடுப்பு வரி இரண்டையும் அறிக்கையில் எழுத வேண்டும் என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள். நிதிநிலை அறிக்கைக்குப் பின் விகிதங்கள் மாறினால், தாங்கள் தந்த அறிக்கையை அந்த ஆண்டுக்குள் ஒருமுறை கட்டணமின்றித் திருத்தித் தருகிறார்கள். ஜனவரியில் கப்பலேறிப் பிப்ரவரியில் வந்து சேரும் சரக்குக்கு அந்தத் திருத்தத்தைக் கேட்டு வாங்காமல் இருக்கக் கூடாது; ஏனெனில் வரி விகிதத்தை நிர்ணயிப்பது நுழைவுப் பட்டியல் தாக்கலான நாளும் கப்பலுக்கு உள்நுழைவு அனுமதி கிடைத்த நாளும் ஆகிய இரண்டில் எது பிந்தியதோ அதுதான், நாம் ஆர்டர் கொடுத்த நாள் அல்ல.